பெரிய கூட்டின் ஒடுக்கு

பீரங்கித்துறைன்னு எங்க ஊருக்குப் பேர் வச்சது வெள்ளைக்காரன் இல்ல, நாங்களேதான் வச்சுக்கிட்டோம். ரெண்டாவது உலகச் சண்டையப்போ அவன் எங்க மணல்மேட்டுல பீரங்கியைக் கொண்டுவந்து நட்டு, வராத கப்பலை இன்னா வருது அன்னா வருதுன்னு எதிர்பார்த்துக்கிட்டு, சும்மா கிடந்த கடலைப் பார்த்துச் சுட்டுச் சுட்டுப் பழகினதுல, குண்டெல்லாம் தண்ணிக்குள்ள போயி மீனைக் கொன்னுச்சு, குண்டைத் தள்ளிவிட்ட பித்தளைக் கூடெல்லாம் மணல்ல குமிகுமியாக் கிடந்துச்சு. சண்டை முடிஞ்சு ஊரைப் பார்த்துக் கிளம்பும்போது, தனக்கு உதவாதது இவனுகளுக்கும் உதவக் கூடாதுன்னு நினைச்சானோ என்னமோ, ஒவ்வொரு கூட்டையும் சம்மட்டியால ஓங்கி ஒரு போடு போட்டு ஒடுக்கிட்டுப் போனான், படுபாவி. நாங்க விடுவோமா? ஒடுங்கினா ஒடுங்கட்டும்னு ஆளாளுக்குத் தூக்கிட்டு வந்து, மாதா கோயில்ல பூ வைக்க ரெண்டு, பள்ளிக்கூடத்துல மணியடிக்க ஒண்ணு, லைப்ரரியில குடை நிறுத்த ஒண்ணு, வீட்டுக்கு வீடு உப்புப் போடவும் வெத்திலை இடிக்கவும்னு, கூடு இல்லாத வீட்டுல பொண்ணு குடுக்க யோசிக்கிற அளவுக்கு வந்துட்டோம்.

அதுல பெரிய கூடுன்னு ஒண்ணு. இடுப்பு உயரம் இருக்கும், மூணு ஆளு சேர்ந்தாத்தான் நகரும், வயித்துப் பக்கம் ஒரு மனுஷன் தலையை உள்ள வைக்கிற ஆழத்துக்கு ஒடுக்கு. அதை மீன் ஏலக்கூடத்து உத்திரத்துல சங்கிலி போட்டுக் கவுத்துத் தொங்கவிட்டு, மார்கழி மூடாக்கு இறங்கி எதிர்ல நிக்கிறவன் மூஞ்சியே தெரியாம ஆகும்போது, கடல்ல இருக்கிற வள்ளங்களுக்குக் கரை இந்தப் பக்கம்னு காட்ட இரும்புக்கம்பியால அடிப்போம். ஒடுங்கின கூடு எங்க நாதம் குடுக்கும்? டொக்கு டொக்குன்னுதான் அழும். போன மார்கழியில ஜோக்கிம் அண்ணனும் அவர் மகனும் கூப்பிடு தூரத்துல இருந்துக்கிட்டு, அந்த டொக்கு காதுல விழாம, பாறைப் பக்கம் போயி முடிஞ்சுட்டாங்க. அவங்களைப் புதைச்சுட்டு வந்த கையோட, பெரிய கூட்டோட ஒடுக்கை எடுத்தே தீரணும்னு ஊர் முடிவு பண்ணுச்சு.

நான் மார்சலின். ஏலக்கூடத்துக்கும் ஆசாரி பட்டறைக்கும் நடுவுல கஞ்சிக்கடை போட்டிருக்கேன். எனக்கு வாய் நீளம்னு ஊர்ல சொல்லுவாங்க. சொல்றவங்க எல்லாரும் என் கடைக் கஞ்சியைக் குடிச்சுட்டுத்தான் சொல்றாங்க, அதனால நான் கண்டுக்கிடறதில்ல.

ஆசாரின்னா பூதலிங்கம் ஆசாரி. நாகர்கோயில் பக்கமிருந்து பொண்டாட்டி கோலம்மாளைக் கூட்டிட்டு வந்து எங்க ஊர்ல பட்டறை போட்டவரு. பித்தளையைத் தட்டித் தட்டிக் காது அடைச்சுப்போன மனுஷன், பக்கத்துல போயி இடி இடிச்ச மாதிரி கத்தினாலும் "என்ன, மழை வருதா?"ன்னு கேப்பாரு, கோலம்மாக்கா ஏதாவது சொல்லணும்னா அவரு தோள்ல தட்டித் திருப்பி வாயைக் காட்டித்தான் சொல்லும். ஆனா கைக்குக் காது உண்டு. ஒரு கூடு வந்தா முதல்ல அடித்தட்டைத் திருப்பி, வெடிமருந்து மிச்சம் சொச்சம் இருக்கான்னு மோந்து பார்ப்பாரு. பொறவு உலையில காட்டி, நிழல்ல பார்த்தா மட்டும் தெரியிற மங்கின சிவப்பு வர்றவரைக்கும் சுட்டுத் தண்ணியில முக்குவாரு, அப்பத்தான் பித்தளை இளகி நம்ம பேச்சைக் கேக்குமாம். மரத்துல கடைஞ்ச உருளையை உள்ள குடுத்து, கொட்டாப்புளிங்கிற மரச்சுத்தியலால ஒடுக்கோட ஓரத்துலயிருந்து சுத்திச் சுத்தித் தட்டிக்கிட்டே நடுவுக்கு வருவாரு. கடைசித் தட்டு தட்டினதும் கூடு ஒரு சின்ன மூச்சு விட்ட மாதிரி சத்தம் குடுத்து நிமிரும். அப்புறம் கோலம்மாக்கா புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்ச்சு, மூஞ்சி பார்க்கிற மாதிரி ஆக்கிக் குடுக்கும்.

எங்க ஊர்ப் பக்கம் ஒரு பாத்திரத்தை யார்கிட்டக் குடுத்தாலும் வெறும் பாத்திரமாக் குடுக்க மாட்டோம். ஒரு பிடி அரிசியாவது போட்டுத்தான் குடுப்போம். ஆசாரிகிட்ட ஒடுக்கு எடுக்கக் குடுக்கிறதுக்கும் அதேதான். கூடு பட்டறைக்கு, அரிசி கோலம்மாக்கா அடுக்களைக்கு.

பெரிய கூட்டுல கை வைக்கிறதுக்கு முன்னால சின்னக் கூடுகளை எடுத்துப் பார்ப்போம்னு குடுத்ததுல, முதல் அதிசயம் மாதா கோயில் பூக்கூட்டுல ஆரம்பிச்சுச்சு. ஆசாரி கடைசித் தட்டுத் தட்டினாரு, கூடு நிமிந்துச்சு, அதே நேரம் வீட்டுக்குள்ள டமால்னு ஒரு சத்தம், கோலம்மாக்கா ஓடிப்போய்ப் பார்த்தா அரிசி டின்னுல, யாரும் கிட்டப் போகாம, பூக்கூட்டுல இருந்த அதே ஒடுக்கு, அதே அளவு, அதே சாய்மானம். பள்ளிக்கூட மணியை எடுத்தப்போ முற்றத்துல மேஞ்சுக்கிட்டிருந்த கோழி கேவிச்சு. பார்த்தா அதோட விலாவுல ஒரு குழி, அன்னியிலயிருந்து அந்தக் கோழி ஒரு பக்கமாச் சாய்ஞ்சே நடந்துச்சு, ஆனா முட்டையில குறை வைக்கல. லைப்ரரிக் குடைக்கூட்டு ஒடுக்கு ரெண்டாப் பிரிஞ்சு, பாதி என் வீட்டுக்காரர் செபஸ்தியானோட இடது கன்னத்துலயும், பாதி ஏலக்காரர் கஸ்பாரோட நெஞ்சுலயும் போய் உக்காந்துக்கிச்சு. செபஸ்தியான் அப்போ வீட்டுல வலை பின்னிக்கிட்டிருந்தாரு, கஸ்பார் நடுக்கடல்ல இருந்தாரு. ரெண்டு பேருக்கும் ஒரே நொடியில, பாதி எலுமிச்சம்பழம் வைக்கிற மாதிரி ஆளுக்கு ஒரு குழி. அதுக்கப்புறம் என் புருஷன் எது பேசினாலும் கன்னத்துல காத்து சுத்தி விசிலடிச்சுச்சு; கஸ்பாருக்கு மூச்சு இழுத்து விடவே பாடா இருந்துச்சு, ஏலம் கூவும்போது பாதி விலையில நின்னு மூச்சு வாங்குவாரு.

ஒடுக்கு அழியாது, இடம்தான் மாறும்ங்கிறது இப்படி எங்களுக்குத் தெரிஞ்சுச்சு. தெரிஞ்சதும் நாங்க ஒண்ணும் ஊரைக் காலிபண்ணிட்டு ஓடல. எது போய் எங்க விழுந்துச்சுன்னு உக்காந்து யோசிச்சோம். டின்னு உருண்டை, கோழி உருண்டை, செபஸ்தியான் கன்னம் உருண்டை, கஸ்பார் நெஞ்சு பீப்பாய். அப்போ ஒடுக்குக்கு உருண்டைதான் பிடிக்கும்னு ஒரே மனசா முடிவுகட்டினோம்.

முடிவுகட்டினப்புறம் ஊரே கோணிக்கிச்சு. ஆசாரி பட்டறையில கொட்டாப்புளியை எடுத்தா, கஸ்பார் தெருவுல இறங்கி "உருண்டையெல்லாம் உள்ள போ"ன்னு மூச்சு வாங்கக் கூவுவாரு. உடனே குண்டா இருக்கிறவங்க எல்லாம் வீட்டுக்குள்ள போயி வெத்திலைப்பெட்டியை வயித்தோட அணைச்சுக்கிட்டு உக்காருவாங்க, தவில்காரர் தவிலைச் சாக்குல சுத்துவாரு, பையன்கள் பந்துல காத்தை இறக்கிடுவான்கள், தாய்மாரு பிள்ளைங்க தலையில துணியை மடிச்சுக் கட்டுவாங்க, பிள்ளையார் கோயில் பூசாரி சாமி தொந்தியை மறைச்சு ஒரு பலகையைச் சாத்திட்டு வருவாரு. அப்பளம் விக்கிறவரு நாலு மூலையா வெட்டி விக்க ஆரம்பிச்சாரு, ருசி ஒண்ணும் மாறல. பௌர்ணமி அன்னிக்கு ஆசாரி வேலை செய்யக் கூடாதுன்னு பங்குச்சாமியும் கோயில் கமிட்டியும் சேர்ந்து தீர்மானம் போட்டாங்க, எங்க ஊர்ல ரெண்டு பேரும் ஒத்துப்போன ஒரே தீர்மானம் அதுதான். வர்ற ஒடுக்கை வாங்கிக்கிட, பட்டறை வாசல்ல உருண்டையா ஒரு பழைய தவலையைக் கட்டித் தொங்கவிட்டோம், அதுக்கு வாங்கிப்பானைன்னு பேரு. பொய் சொல்லக் கூடாது, அது வேலை செஞ்சுச்சு. ஆசாரி ஒவ்வொரு கூடா நிமித்த நிமித்த, ஒடுக்கெல்லாம் ஒழுங்கா அந்தத் தவலையில போய் விழுந்துச்சு. கோலம்மாக்கா அரிசி டின்னு ஒடுங்கிப்போனதால, வர்ற அரிசியை எல்லாம் அந்தத் தவலையிலதான் போட்டு வச்சுச்சுங்கிறதை நாங்க யாரும் யோசிக்கல.

ஐப்பசியில பெரிய கூட்டை இறக்கினோம். சங்கிலியைக் கழட்டி, நிமித்தி வச்சு, மாலை போட்டு, மூங்கில்ல கட்டித் தூக்கிட்டுப் போனோம். அம்மாம்பெரிய பாத்திரத்துக்கு ஒரு பிடி அரிசி போட்டா நல்லாவா இருக்கும்? வீட்டுக்கு வீடு வாசல்ல நிறுத்தி, பெரியவங்க சின்னவங்க, கைப்பிள்ளைக்காரி பிள்ளை கையைப் பிடிச்சு, ஆளுக்கு ஒரு பிடி போட்டாங்க. ஜோக்கிம் அண்ணன் பொண்டாட்டி ரெண்டு கையாலயும் அள்ளிப் போட்டா, போட்டுட்டு அங்கனயே உக்காந்து அழுதா. பட்டறைக்குப் போய்ச் சேரும்போது கூடு விளிம்பு வரைக்கும் அரிசி.

அந்த வாரம்தான் ஆசாரி மக பகவதி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தா. கல்யாணமாகி வெகு வருசம் கழிச்சு உண்டான வயிறு. கோலம்மாக்கா என்ன செஞ்சுச்சுன்னா, ஊர் போட்ட அரிசி புண்ணிய அரிசி, இத்தனை கை பட்டது வேற எங்க கிடைக்கும்னு, அதை ஒரு சாக்குல கட்டித் தனியா வச்சு, தானும் தொடாம புருஷனுக்கும் குடுக்காம, மகளுக்கு மட்டும் தினம் கஞ்சியா வச்சுக் குடுத்துச்சு. ஒரு தாயைக் குத்தம் சொல்ல முடியுமா சொல்லுங்க!

பெரிய கூடு லேசுல மசியல. பித்தளை தடிமன், ஒடுக்கு ஆழம். சுட்டு, முக்கி, தட்டி, மறுபடி சுட்டு, ஆசாரி கை கொப்பளிச்சுப்போச்சு. கார்த்திகை போயி மார்கழி பிறந்தப்போ பாதி ஒடுக்கு எழும்பியிருந்துச்சு. ஒருநாள் காலையில அவரு வந்து பார்த்தா, முந்தின நாள் விட்ட இடத்துக்கு மேல ஒடுக்கு தானா எழும்பி நிக்குது. மறுநாள் இன்னும் கொஞ்சம். பித்தளைக்கே நல்ல புத்தி வந்துருச்சுன்னு மனுஷனுக்குச் சந்தோஷம். நாங்க மாதா கோயில் அசன விருந்துக்குச் சமைக்கிற பெரிய உருண்டை அண்டாவைக் கொண்டுவந்து வாசல்ல வச்சு, வரட்டும் பார்ப்போம்னு காத்திருந்தோம்.

அப்பத்தான் பகவதி என்னைக் கூப்பிட்டா. கட்டில்ல சாய்ஞ்சிருந்தா, மூஞ்சி வெளுத்துக் கிடந்துச்சு.

"சித்தி, கையைக் குடுங்க"ன்னு என் கையை எடுத்து வயித்துல வச்சா. வலது பக்கம் முழுக்கக் காலியா இருந்துச்சு. பிள்ளை இடது பக்கமா ஒதுங்கி, ஒடுங்கி, உருண்டு போய்ப் படுத்திருக்கு. "நேத்துலயிருந்து இப்படித்தான். யாருக்கோ இடம் விட்டுக்குடுக்கிற மாதிரி இருக்கு சித்தி. எனக்குப் பயமா இருக்கு."

"நர்சம்மா என்னட்டி சொன்னாங்க?"

"பிள்ளை நல்லா இருக்கு, துடிப்பு நல்லா இருக்குன்னாங்க. அவங்களுக்குப் பட்டறைச் சத்தம் கேக்கலியே."

எனக்குக் கேட்டுச்சு. பட்டறையில யாருமே தட்டாம, கிர்ர்… கிர்ர்னு பெரிய கூடு நிமிர்ற சத்தம். ஒவ்வொரு கிர்ருக்கும் என் கைக்குக் கீழ அந்தப் பிள்ளை இன்னும் ஒரு நூல் ஒதுங்குச்சு.

அப்போ கோலம்மாக்கா கஞ்சி வைக்க அரிசி அளந்துக்கிட்டு வந்துச்சு. பழைய சாக்கு, முக்காலும் தீந்திருந்துச்சு.

"இது எந்த அரிசிக்கா?"

"ஊர் போட்ட அரிசி மார்சலின். மகளுக்குன்னே வச்சிருக்கேன். வேற யாருக்கும் ஒரு மணி குடுக்கல பாத்துக்கோ."

அதைச் சொல்லும்போது அக்காவுக்கு எவ்வளவு பெருமை! எனக்குக் கோழி ஞாபகம் வந்துச்சு. பள்ளிக்கூட மணியோட வந்த அரிசியில கல்லு கிடக்குன்னு கோலம்மாக்கா அதைக் கோழிக்குத்தான் விசிறிச்சு. மாதா கோயில் அரிசி டின்னுல கிடந்துச்சு. லைப்ரரிக் கூட்டோட வந்த அரிசியை, என் கடையில அரிசி தீந்துபோச்சுன்னு நானேதான் கைமாத்தா வாங்கிட்டுப் போயி, செபஸ்தியானுக்கும், பசின்னு வந்து நின்ன கஸ்பாருக்கும் கஞ்சி காய்ச்சி ஊத்தினேன். உருண்டையாவது மண்ணாவது! அரிசி எங்க இருக்கோ அங்க போகுது ஒடுக்கு.

நான் நேரா வெளிய வந்து, அன்னிக்கு ஒடுக்கு எடுக்க வந்திருந்த ஒரு சின்ன உப்புக்கூட்டை எடுத்து ஆசாரி கையில குடுத்து, இதை இப்பவே நிமித்துங்கன்னு சைகை காட்டினேன். அதோட வந்த ஒரு பிடி அரிசியை, நாலு மூலைச் சதுரமா இருந்த மண்ணெண்ணெய் டின்னுல போட்டேன். சுத்தி உருண்டையா எத்தனை இருந்துச்சு! அண்டா, தவலை, செபஸ்தியானோட தலை. ஆசாரி சுட்டு, முக்கி, தட்டினாரு. கடைசித் தட்டுல, என் கண்ணு முன்னால, சதுர டின்னு டொப்புன்னு உள்வாங்குச்சு.

கோலம்மாக்கா வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டிருந்துச்சு. நான் விளக்கவே வேண்டியிருக்கல. அது கையில இருந்த கஞ்சிச்சட்டி கீழ விழுந்துச்சு. "நானே ஊட்டினேனே… ஐயோ, நானே என் கையால ஊட்டினேனே"ன்னு வாயில அடிச்சுக்கிட்டு அழுதுச்சு. ஆசாரி அது தோளைப் பிடிச்சு, வாயையே பார்த்து, மெதுவாப் புரிஞ்சுக்கிட்டு, கொட்டாப்புளியைப் போட்டுட்டு பெரிய கூட்டுக்கிட்டப் போனாரு. சம்மட்டியை எடுத்து அதை மறுபடி ஒடுக்கப் பார்த்தாரு. அடிச்ச இடம் புதுசா ஒடுங்குச்சு, பழைய ஒடுக்கு அது பாட்டுக்கு எழும்பிக்கிட்டே இருந்துச்சு.

ஊர்ப் பையன்கள் சிலபேரு கூட்டைக் கடல்ல தள்ளிருவோம்னான்கள். "கஸ்பார் நடுக்கடல்லதானலே இருந்தான், அவனை விட்டுச்சா?"ன்னு கேட்டேன். பகவதியை எங்க கொண்டுபோனாலும் அந்த ஒடுக்கு தேடி வந்துரும்.

ஒரே ஒரு வழிதான் எனக்குத் தெரிஞ்சுச்சு. குடைக்கூட்டுக் கஞ்சியில செபஸ்தியான் ரெண்டு வாய்தான் குடிச்சாரு, சட்டியில மீதி அத்தனையையும் கஸ்பார்தான் வழிச்சு நக்கினாரு, ஆனாலும் ஒடுக்கு ரெண்டு பேருக்கும் சரிபாதியாத்தான் விழுந்துச்சு. யார் எவ்வளவு தின்னாங்கன்னு அது பார்க்கல, எத்தனை வாயின்னுதான் பார்த்துச்சு. சாக்குல இன்னும் கால்வாசி அரிசி இருக்கு. ஊர்ல எத்தனை வாய் இருக்கு! எல்லாரும் ஒரு வாய் தின்னா, தலை புதையிற ஒடுக்கு விரல்நுனி அளவு ஆளுக்கு ஒண்ணாப் போயிரும். தின்னலைன்னா மொத்தமும் அந்தப் பிள்ளைத்தாச்சி வயித்துல.

மறுநாள் காலையில மூடாக்கு. கடலும் தெரியல, எதிர்வீடும் தெரியல. அசன அண்டாவை நடுத்தெருவுல அடுப்பு மூட்டி ஏத்தி, சாக்கு அரிசி முழுசையும் கொட்டிக் கஞ்சி வச்சோம். கொதிக்கிற வாசம் ஊரெல்லாம் போச்சு. செபஸ்தியான் வீடு வீடாப் போயி, விசிலடிக்கிற வாயால, நடந்ததைச் சொல்லிக் கும்பிட்டுக் கூப்பிட்டாரு. ஒருத்தரும் வரல. கதவு சாத்திக்கிட்ட சத்தம்தான் மூடாக்குக்குள்ள ஒண்ணு ஒண்ணாக் கேட்டுச்சு. நான் அவங்களைத் திட்ட மாட்டேன்… இல்ல, திட்டினேன், அன்னிக்குத் திட்டினேன். ஆனா பயம் நியாயமான பயம். கஸ்பார் மூச்சுக்குத் தவிக்கிறதை எல்லாரும் தினம் பார்க்கிறாங்க. விரல்நுனி அளவுதான்னு நான் சொல்றேன். பத்துப் பேருதான் வந்தா ஆளுக்கு ஒரு கைப்பிடி அளவு குழி விழும், அது கண்ணுல விழுமா இருதயத்துல விழுமான்னு யாருக்குத் தெரியும்?

நான் ஒரு அகப்பை எடுத்துக் குடிச்சேன். செபஸ்தியான் குடிச்சாரு. கோலம்மாக்கா அழுதுக்கிட்டே குடிச்சுச்சு. பட்டறைக்குள்ள பெரிய கூடு இப்போ நிறுத்தாம முனகுச்சு. ஆசாரி அதுமேல கவுந்து, எழும்புற ஒடுக்கு மேல நெஞ்சை வச்சு, ரெண்டு கையாலயும் கட்டிப்பிடிச்சு, இன்னும் கொஞ்சம் பொறு, இன்னும் கொஞ்சம் பொறுன்னு ஒரு பிள்ளைகிட்டப் பேசுற மாதிரி பேசிக்கிட்டு அமுக்கிக்கிட்டிருந்தாரு. வீட்டுக்குள்ள பகவதிக்கு வலி எடுத்துருச்சு. நர்சம்மா உள்ள, நான் வெளிய.

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு ஆங்காரம்! தெரு நடுவுல நின்னு தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஏலே! போடும்போது மட்டும் கை நீண்டுச்சுல்லா? பிள்ளை கையைப் பிடிச்சுப் போடவச்சீங்கல்லா? இப்போ திங்க வாய் எங்கட்டிப் போச்சு? இது யார் வீட்டு ஒடுக்கு? ஆசாரி வீட்டு ஒடுக்கா? நம்ம வள்ளம் கரை சேரணும்னு நம்ம குடுத்த கூடு, நம்ம போட்ட அரிசி! அவ ஒருத்தி தின்னுட்டுச் சாகணுமாக்கும்!"

மூடாக்கு என் சத்தத்தை விழுங்கிட்டுச் சும்மா நின்னுச்சு. கூடு கிர்ர்னுச்சு.

அப்புறம் ஒரு மூச்சிரைப்பு கேட்டுச்சு. இழுத்து, நின்னு, மறுபடி இழுத்து. கஸ்பார் கையில ஒரு வட்டிலோட மூடாக்குக்குள்ளயிருந்து வந்தாரு.

"உனக்குத்தான் ஏற்கெனவே ஒண்ணு இருக்கே கஸ்பாரு"ன்னேன்.

"இருக்கட்டும். எனக்குப் பழக்கம்"னாரு. "ஊத்து."

குடிச்சு முடிச்சு வட்டிலைக் கவுத்துக் காட்டிட்டு, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு, ஏலத்துல கூவுற குரலை எடுத்தாரு. "ஒரு வாய்… ஒரு வாய்… ஒரு வாய்க்கு வாரவன் யாரு…" மூச்சு வாங்கினாரு. "ரெண்டாம் தரம்…"

ஒரு கதவு திறந்துச்சு. ஜோக்கிம் அண்ணன் பொண்டாட்டி. அதுக்குப் பின்னால பள்ளிக்கூட டீச்சர், தவில்காரர், பங்குச்சாமி அங்கியை மடிச்சுப் பிடிச்சுக்கிட்டு, பூசாரி திருநீத்தோட, வள்ளக்காரங்க, மீன்காரிகள், கைப்பிள்ளைக்காரி விரல்நுனியில தொட்டுப் பிள்ளை நாக்குல வச்சா. மூடாக்குக்குள்ளயிருந்து வந்துக்கிட்டே இருந்தாங்க, யாரும் யாரு மூஞ்சியையும் பார்க்கல, வட்டில் சத்தமும் உறிஞ்சுற சத்தமும் கூடு முனகுற சத்தமும்தான். நான் ஊத்தினேன், ஊத்தினேன், அண்டாவைச் சாய்ச்சு ஊத்தினேன். கோலம்மாக்கா பட்டறையைப் பார்த்து, "நீங்களும் ஒரு வாய் வந்து குடிச்சிருங்க, ஏங்க, ஏங்க!"ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்துச்சு. அவருக்குக் காது கேக்கல. விட்டுட்டு எழும்பவும் மாட்டாரு.

அண்டாவுல கடைசி அகப்பையை வழிச்சு, ஓடி வந்த தபால்காரர் வாயில நான் ஊத்தின நேரம், பெரிய கூடு ஆசாரியைத் தூக்கி எறிஞ்சுட்டு நிமிந்துச்சு.

டாங்ங்ங்ன்னு ஒரு நாதம். அப்படி ஒண்ணை நான் ஜென்மத்துல கேட்டதில்ல. தரை அதிர்ந்துச்சு, கையில இருந்த வட்டிலெல்லாம் கூடப் பாடுச்சு, மூடாக்கு ஒரு பக்கமா விலகிக் கடல் தெரிஞ்சுச்சு. நாங்க எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு நின்னோம். சுருக்குன்னு ஒரு குத்து, கட்டெறும்பு கடிச்ச மாதிரி, அவ்வளவுதான்.

கண்ணைத் திறந்து ஆளாளுக்கு உடம்பைத் தடவிப் பார்த்தோம். எனக்கு முழங்கையில ஒரு விரல்நுனிக் குழி. கஸ்பாருக்குப் புறங்கையில. பங்குச்சாமிக்கு வழுக்கைத் தலையில, பூசாரிக்கு நெத்தியில திருநீறு வைக்கிற இடத்துல. செபஸ்தியானுக்கு மத்த கன்னத்துல விழுந்து, ரெண்டு பக்கமும் ஒருமாதிரி ஒத்துப்போயி, விசில் நின்னுருச்சு. அதுக்கப்புறம் அவரு பேசுறது தெளிவாப் புரியுது, அது எனக்கு நல்லதா கெட்டதான்னு இன்னும் தெரியல.

வீட்டுக்குள்ளயிருந்து பிள்ளை அழுத சத்தம் வந்துச்சு. நான் விழுந்தடிச்சு ஓடினேன். பகவதி வேர்த்து விறுவிறுத்துச் சிரிச்சுக்கிட்டுக் கிடந்தா, வளையலுக்குக் கீழ மணிக்கட்டுல ஒரு சின்னக் குழி. பொம்பளைப் பிள்ளை. நர்சம்மா தூக்கிக் காட்டினாங்க. நாடியில, மோவாய்க்கு நட்ட நடுவுல, எங்க எல்லாருக்கும் இருக்கிற அதே அளவுல ஒண்ணு. வயித்துக்குள்ள இருந்ததையும் ஊர் வாயில ஒரு வாயாச் சேர்த்துத்தான் அது பிரிச்சிருக்கு! நானும் கோலம்மாக்காவும் கட்டிப்பிடிச்சு அழுதோம்.

ஆசாரி மட்டும் பட்டறை மூலையில உக்காந்து, சட்டையைக் கழட்டி, கை, கால், நெஞ்சு, பிடரின்னு தடவித் தடவித் தேடிக்கிட்டிருந்தாரு. ஒண்ணும் இல்ல. ஒரு வாய் குடிக்கலியே மனுஷன். ஊர்ல ஒடுக்கே இல்லாத ஒரே ஆளு, ஒடுக்கு எடுக்கிறவரு. "எனக்கு எங்க, எனக்கு எங்க?"ன்னு கோலம்மாக்காவைக் கேட்டாரு. அது தலையை ஆட்டி இல்லைன்னுச்சு. அவரு மூஞ்சி பந்தியில இலை போடாம விட்டுட்ட ஆளு மூஞ்சி மாதிரி ஆகிப்போச்சு.

பெரிய கூட்டை மறுபடி ஏலக்கூடத்துல ஏத்தினோம். இப்போ மூடாக்கு இறங்கினா கஸ்பார்தான் அடிப்பாரு. நாதம் எவ்வளவு தூரம் போகுதுன்னு கேக்காதீங்க, ஏன்னா அது காதுக்கு வர்றதுக்கு முன்னாலயே உடம்புல இருக்கிற குழி கிணுகிணுன்னு அதிரும். காத்து எதிர்த்து அடிச்சாலும், வள்ளம் எவ்வளவு தூரத்துல இருந்தாலும், முழங்கையிலயோ கன்னத்துலயோ அந்த அதிர்வு வந்ததும் எங்க ஆளுங்க கரை இந்தப் பக்கம்னு திருப்பிருவாங்க. அதுக்கப்புறம் பாறைப் பக்கம் யாரும் போகல. வெளியூர் மாப்பிள்ளை வந்தா, தொட்டுப் பார்த்துட்டு, இது எங்க கிடைக்கும்னு கேக்கிறான்.

ஆசாரி ஒடுக்கை எடுத்தாரே தவிர, அது எப்படிப் பாடுதுன்னு அவருக்குத் தெரியாது. காதும் இல்ல, குழியும் இல்ல. முதல் தடவை மூடாக்குல அடிச்ச அன்னிக்கு, ஊரே தன் தன் குழியில கையை வச்சுக்கிட்டு வாசல்ல நின்னுச்சு, அவரு மட்டும் எல்லாரு மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பார்த்து, "அடிச்சாச்சா? அடிச்சாச்சா?"ன்னு கேட்டுக்கிட்டு நின்னாரு. எனக்குப் பார்க்கச் சகிக்கல. பகவதி உள்ளயிருந்து பிள்ளையைத் தூக்கிட்டு வந்தா. அப்பா கையைப் பிடிச்சு, கொப்பளிச்சுக் காய்ச்சுப்போன அந்தச் சுண்டுவிரலை எடுத்து, பிள்ளை நாடிக்குழியில வச்சா. பிள்ளை அவரைப் பார்த்து வாயைத் திறந்துச்சு. கஸ்பார் ஓங்கி அடிச்சாரு.

ஆசாரி அசையாம நின்னாரு. பிள்ளை நாடி கிணுகிணுன்னு அதிர்றது எங்க கண்ணுக்கே தெரிஞ்சுச்சு.

"கேக்குது மக்ளே"ன்னாரு. "கேக்குது, கேக்குது."